ஆனி முப்பத்திரண்டு

1

இதை எழுத எனக்குப் பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது. எழுதத் தெரியாமல் இல்லை. பத்தாவது வரை படித்தவள். கடிதம் எழுதுவேன், கோயில் ரசீது எழுதுவேன். பயம்தான் காரணம். என் வீட்டுக்காரரின் காகிதங்களில் இருக்கும் பிறந்த தேதி அவர் பிறந்த தேதி இல்லை. இந்த ஒரு வரியை ஊருக்குப் போடும் கடிதத்தில்கூட நான் எழுதியதில்லை. எப்படியாவது அது குடியுரிமை ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்து, எங்களை மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவரே, “எழுதிடு, இனிமே என்ன” என்று சொல்லிவிட்டார். அம்பாள் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

நாங்கள் நன்னிலம் பக்கம். இரண்டு வீட்டிலும் எங்களைப் பெற்றவர்கள் காலம்வரை வயல் கூலிதான். என் நாத்தனார் படித்து, நர்ஸ் ஆகி, அமெரிக்கா வந்தார். அவர்தான் தம்பிக்காக மனுப் போட்டு, பல வருடம் காத்திருந்து எங்களை வரவழைத்தார். வந்து இருபது வருடம் ஓடிவிட்டது. வீட்டுக்காரர் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருக்கிறார். நான் பள்ளிக்கூடச் சமையலறையில். எங்களுக்கு ஒரே பெண். கல்யாணமாகி வெகுநாள் குழந்தையில்லாமல் திருக்கடையூரில் வேண்டிக்கொண்டு பிறந்தவள் என்பதால் அபிராமி என்று பெயர் வைத்தோம். இங்கே அவள் சிநேகிதர்களுக்கு அவள் ஏபி. கம்ப்யூட்டர் வேலை, இரண்டு மணி நேரம் தள்ளி வேறு ஊரில் இருக்கிறாள்.

போன வருடம் அவருக்கு அறுபது முடிந்தது. அவர் பிறந்த குரோதி வருடம் சுற்றி வந்துவிட்டது. ஆனி மாதம் அஸ்த நட்சத்திரத்தன்று திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்வதாக முன்பே வேண்டுதல். அங்கே ஒரு புரோகிதரிடம் சொல்லி, ஜூலையில் போய்வர இரண்டு டிக்கெட்டும் வாங்கிவிட்டோம். இரண்டு டிக்கெட்தான். மகளிடம், “சும்மா ஊருக்குப் போயிட்டு வரோம்” என்று சொல்லியிருந்தோம்.

அவளை ஏன் கூப்பிடவில்லை என்றால், அவளைப் பொறுத்தவரை அப்பாவின் பிறந்தநாள் ஜூன் ஒன்று. ஜூன் ஒன்றாம் தேதி நாற்பது பேரைக் கூப்பிட்டு அப்பாவுக்கு விருந்து வைக்க அவள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். ஜூலையில் எதற்கு என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லப் பயம். பெற்ற பெண் இல்லாமல் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளவும் மனம் ஒப்பவில்லை. அப்படியே நாள் போய்க்கொண்டிருந்தது.

2

சனி, ஞாயிறுகளில் இங்குள்ள கோயில் கவுண்ட்டரில் உட்காருவேன். சம்பளம் கிடையாது. அது என் பங்குக் கைங்கரியம். கோயிலுக்கு வெப்சைட் உண்டு. அதில் பெயர், நட்சத்திரம், வேண்டும் பூஜை, வேண்டும் நாள் என்று நான்கு வெற்றுப் பெட்டிகள். நாள் பெட்டியில் யார் எதை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். “அடுத்த வெள்ளி” என்று வரும். “மாமனார் திதி” என்று வரும். ஒருவர் “வழக்கம்போல்” என்று எழுதியிருந்தார். நான் அதையெல்லாம் தாளில் எடுத்துக் குருக்களிடம் கொடுப்பேன்.

ஒரு அம்மா பேரனின் பிறந்தநாள் ஹோமத்துக்கு 2/3 என்று போட்டிருந்தார். நம் ஊர்க் கணக்கில் மார்ச் இரண்டு. இந்த ஊரில் மாதம் முன்னால், தேதி பின்னால், பிப்ரவரி மூன்று. ஆள் வராமலே செய்யச் சொல்கிறவர்களும் உண்டு என்பதால், பிப்ரவரி மூன்றாம் தேதி குருக்கள் ஹோமத்தைச் செய்து பிரசாதத்தையும் எடுத்து வைத்துவிட்டார். மார்ச் இரண்டாம் தேதி அந்த அம்மா முப்பது பேரோடும் மாலையோடும் வந்து நின்றார்.

“நாங்க வராம யாருக்குங்க ஹோமம் பண்ணினீங்க?”

“உங்க பேரனுக்குத்தாம்மா. பேரு, நட்சத்திரமெல்லாம் சொல்லித்தான் பண்ணினேன்.”

“அவன் பொறந்த நாளே இன்னிக்குத்தானே!”

“ஒரு மாசம் முன்கூட்டியே ஆயுசு சேர்ந்துடுச்சுன்னு வச்சுக்கங்க” என்றார் குருக்கள். அந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி குண்டத்தில் தீ மூட்டி, மறுபடி செய்தார். ஆனால் 2/3 என்ற தாளை எடுத்துக் கொடுத்தவள் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் அபியைப் பல் டாக்டரிடம் இதே மாதிரி மாதம் மாறி அழைத்துப்போய், கவுண்ட்டர் பெண்ணிடம் “டுடே, டுடே” என்று சண்டை போட்டவள்தான் நான். அப்போது அபிக்கு ஏழு வயது. என் கையை இழுத்துக்கொண்டு, “அம்மா, வா போலாம்” என்று அழுதாள். அன்றிலிருந்து எந்த ஆபீசுக்குப் போனாலும் அவள்தான் முன்னால் நின்று பேசுவாள். நான் பின்னால் நிற்பேன்.

“உங்க பொண்ணு கம்ப்யூட்டர்லதானே இருக்கு? அந்த ஃபார்மைக் கொஞ்சம் சரி பண்ணித் தரச் சொல்லுங்களேன்” என்றார் குருக்கள்.

அபி கோயில் பக்கம் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கேட்டுப் பார்த்தேன்.

“கோயிலுக்கு வான்னு கூப்பிடாதே. ஃபார்ம் வேணா பண்ணித் தரேன்” என்றாள். கிடைத்த மட்டும் போதும் என்று சரி சொன்னேன்.

3

அதற்கு முன் அவள் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை போன் செய்வாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அப்பா எங்கே, தூங்குறார். அவ்வளவுதான். ஃபார்ம் வேலை தொடங்கியதும் தினம் போன். எல்லாம் தேதியைப் பற்றித்தான்.

“அம்மா, போன தேதிக்கு யாராவது அர்ச்சனை புக் பண்ணுவாங்களா?”

“போனதுக்கு எப்படிடி பண்றது?”

“அப்ப இன்னிக்கு முன்னாடி உள்ளதெல்லாம் அடைச்சிடறேன். மாசத்தை நம்பரா போட விடமாட்டேன். பேராத்தான் இருக்கும். காலண்டர் விரியும், தொட்டா போதும். டூ-ஸ்லாஷ்-த்ரீ பிரச்சினையே இருக்காது. பிறந்த தேதி இன்னிக்கு அப்புறமா இருந்தா வாங்காது.”

“வளைகாப்புக்கு வர்றவங்க வயித்துல இருக்கிற பிள்ளைக்கு டாக்டர் சொன்ன தேதியைப் போடுவாங்களே?”

“நீ எங்க ஆபீஸ்ல வேலைக்கு வரலாம்மா” என்றாள். அன்று முழுதும் எனக்கு அதே நினைப்பு.

திதிக்கான பக்கத்தில், இறந்த தேதி பிறந்த தேதிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்று அவள் ஒரு விதி போட்டிருந்தாள். மாற்றிப் போட்டால் சிவப்பில் சொல்லும். இதைக்கூடச் சொல்லித்தர வேண்டுமா அந்த மெஷினுக்கு என்று கேட்டேன். “எல்லாத்தையும் சொல்லணும்மா. சொல்லலைன்னா அதுக்குத் தெரியாது” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

4

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை கம்ப்யூட்டரோடு வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேஜையில் திறந்து என்னை உட்கார வைத்தாள்.

“இப்ப இதை உடைச்சுப் பாரு.”

“எதைடி உடைக்கிறது?”

“ஃபார்மைத்தான். தப்புத் தப்பா போட்டுப் பாரு. எங்க உடையுதுன்னு தெரியணும்.”

தேங்காயைத் தவிர நான் எதையும் வேண்டுமென்று உடைத்ததில்லை. இருந்தாலும் சொன்னாளே என்று உட்கார்ந்தேன். பெயரில்லாமல் அனுப்பினேன், வாங்கவில்லை. பிறந்த வருடத்தை இனி வரப்போகும் வருடமாகப் போட்டேன், சிவப்பாகத் திட்டியது. “பரவால்லடி, குருக்களைவிடக் கெட்டியா இருக்கு” என்றேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியில், ஜென்ம மாதம் என்று தமிழ் மாதங்களின் பட்டியலும், பக்கத்தில் தேதிக்கு ஒரு பெட்டியும் இருந்தன. ஊரிலிருந்து வரும் வயசானவர்களுக்குத் தமிழ்த் தேதிதான் தெரியும் என்று குருக்கள் கேட்டு வாங்கியது. நான் யோசிக்கவே இல்லை. மாதா மாதம் கவுண்ட்டரில் என் வீட்டுக்காரர் பெயருக்குச் சீட்டு எழுதும் கை அது, பழக்கத்தில் எழுதிவிட்டது. நட்சத்திரம் அஸ்தம். மாதம் ஆனி. தேதி 32.

‘தேதி 1 முதல் 31 வரை மட்டுமே’ என்று சிவப்பில் வந்தது.

“சூப்பர்! தப்பைப் பிடிச்சிடுச்சு பாரு.”

“இது தப்பு இல்லடி.”

“முப்பத்திரண்டு டேட்டே இல்லம்மா. எந்த மாசத்துக்கும் முப்பத்திரண்டு கிடையாது.”

“ஆனிக்கு உண்டு. சில வருஷம் வைகாசிக்கும் உண்டு.”

அவள் நம்பவில்லை. ஊரிலிருந்து வருடா வருடம் வரவழைக்கும் தினசரிக் காலண்டர் ஃபிரிட்ஜ் பக்கத்தில் தொங்குகிறது. தாள்களைக் கிழிக்காமல் தூக்கித் தூக்கி ஜூலைவரை போய்க் காட்டினேன். ‘ஆனி 32’ என்று அச்சாகியிருந்தது. குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“ஓகே. முப்பத்திரண்டு வரைக்கும் விட்டுடறேன்” என்று ஏதோ தட்டினாள். “இப்ப போடு.”

போட்டேன். வாங்கிக்கொண்டது. அடுத்த பக்கத்தில், நீங்கள் கொடுத்த விவரம் சரியா என்று கேட்டு எல்லாவற்றையும் காட்டியது. அஸ்தம். ஆடி 1.

“ஐயையோ, ஆடின்னு போட்டுடுச்சுடி! ஆடி இல்ல, ஆனி!”

“அதுவா? மாசத்துக்கு மேல மிச்சமா இருக்கிற நாளை அது தானா அடுத்த மாசத்துல தள்ளிடும்மா. முப்பத்தொண்ணுக்கு மேல ஒண்ணு, அதான் ஆடி ஒண்ணு. சரி பண்ணிடலாம். ஒரு நாள்தானே?”

“ஒரு நாள்தானேவா? அந்த ஒரு நாளுக்காக உங்க அப்பாவைப் பெத்தவங்க ஆயுசு முழுக்க ஊரோட மல்லுக்கு நின்னாங்கடி!”

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது.

“இது அப்பா தேதியா?” என்றாள் அபி. “அப்பா பர்த்டே ஜூன் ஒண்ணும்மா.”

அதன் பிறகு மறைக்க வழியில்லை. சொன்னேன். என் மாமியாருக்கு ஆனி முப்பத்திரண்டாம் தேதி நாற்றங்காலில் நிற்கும்போதே வலி எடுத்தது. பிள்ளை பிறந்தது மறுநாள் பொழுது விடிய இன்னும் நேரம் இருக்கும்போது. விடிந்தால் ஆடி. ஆடியில் ஆண்பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு. கடிகாரம் வைத்திருந்தவர்கள், பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது, ஆடிப் பிள்ளைதான் என்றார்கள். மாமியார் விடவில்லை. கோழி கூவவில்லை, பொழுது விடியவில்லை, பஞ்சாங்கப்படி இன்னும் ஆனிதான் என்று, அந்தப் பச்சை உடம்போடு அத்தனை பேரிடமும் வாதாடியிருக்கிறார். கையெழுத்துப் போடத் தெரியாதவர். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குப் போன அன்றும் முதலில் அதைத்தான் சொன்னார்: “ஆனி முப்பத்திரண்டு. ஆடி இல்ல.”

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தேதி கேட்டிருக்கிறார். ஆனி முப்பத்திரண்டு என்றால் அவருக்கு இங்கிலீஷ் தேதி தெரிய வேண்டுமே. ஐந்து வயது நிறைந்த மாதிரி ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அதே தேதிதான். நாத்தனாருக்கும் ஜூன் ஒன்று. இங்கே ஒரு ஆபீசில் இருவர் காகிதத்தையும் சேர்த்துப் பார்த்த அம்மா, வருடத்தைக் கவனிக்காமல், இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்டார். “இல்லை, ஒரே வாத்தியார்” என்றார் நாத்தனார்.

அபி சிரிக்கவில்லை.

“இருபது வருஷமா நான் தப்பான நாள்ல கேக் வெட்டிட்டு இருந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சே சாப்பிட்டிருக்கீங்க.”

“சொல்ல பயமா இருந்துச்சு கண்ணு. பதினாலு வருஷம் முன்னாடி உங்கப்பா குடியுரிமைக்குப் போனப்ப கையைத் தூக்கி சத்தியம் பண்ணச் சொன்னாங்க. பண்ணிட்டு, பொறந்த தேதி ஜூன் ஒண்ணுன்னு சொன்னார். நான் வீட்டுக்கு வந்து விளக்கேத்தி அம்பாள்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். பொய்ச் சத்தியம்தானே அது?”

“அது பொய்யே இல்லம்மா. ஸ்கூல் சர்டிபிகேட்ல இருக்கிறதையே எல்லா இடத்துலயும் போட்டிருக்கார். எங்கயும் மாத்திப் போடல. அதான் ரெக்கார்டு. எங்கிட்ட சொல்லாம இருந்தீங்களே, அதுதான் பொய்.” கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள்: “ஜூலைல ஊருக்குப் போறீங்களே, அது இதுக்கா?”

நான் தலையை ஆட்டினேன்.

“நான் இல்லாமலா?”

அந்த நேரம் வேலை முடிந்து அவர் உள்ளே வந்தார். எங்கள் இருவர் முகத்தையும், திரையில் ஆடி 1 என்று நிற்பதையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“அட, அம்மா செத்து இத்தனை வருஷம் கழிச்சு என்னை ஆடியில தள்ளிட்டீங்களா?” என்றார். யாரும் சிரிக்காததால் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். “பாப்பா, ஆபீசுக்கு என் சர்டிபிகேட் தெரியும். அம்பாளுக்கு என் நட்சத்திரம் தெரியும். ரெண்டு பேரும் ஒரு நாளும் சந்திச்சுக்கப் போறதில்லன்னு நான் நிம்மதியா இருந்தேன். உங்கம்மாதான் பயந்துட்டே இருந்தா.”

“எனக்கு எதுப்பா தெரியும்?” என்றாள் அபி.

அவள் கம்ப்யூட்டரை மூடி எடுத்துக்கொண்டு, வைத்த சோற்றைச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள்.

5

இரண்டு வாரம் போன் இல்லை. நான் செய்தாலும், “வேலையா இருக்கேம்மா” என்ற செய்தி மட்டும் வரும். ஃபார்மால் கிடைத்த பேச்சு ஃபார்மாலேயே போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். தினம் விளக்கேற்றும்போது வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு போன் கேட்டேன்.

மூன்றாம் வாரம் கவுண்ட்டரில் குருக்கள் கூப்பிட்டார். “உங்க பொண்ணு ஃபார்மை ஏத்திடுச்சு, வந்து பாருங்க.” கோயில் கம்ப்யூட்டரில் திறந்தேன். ஆனி என்று தொட்டதும் தேதிப் பட்டியல் முப்பத்திரண்டு வரை இறங்கியது. தை மாதத்துக்குப் போனால் முப்பதோடு நின்றது. வீட்டுக்காரர் விவரத்தைப் போட்டு அடுத்த பக்கம் போனேன். அஸ்தம். ஆனி 32. அசையவில்லை.

பெட்டிக்குக் கீழே சின்ன எழுத்தில் தமிழில் ஒரு குறிப்பு: ‘ஆனிக்கு 32 உண்டு. பொழுது விடியும் முண் பிறந்தவர்கள் முந்தின நாளைப் போடவும்.’

“முன்னுக்கு மூணு சுழி போட்டிருக்கு. திருத்தச் சொல்லலாமா?” என்றார் குருக்கள். அபிக்குத் தமிழ் எழுத்து நான் சொல்லிக்கொடுத்தது, எட்டு வயதோடு நின்றுபோனது.

“இருக்கட்டும் சாமி” என்றேன்.

ஜூன் ஒன்றாம் தேதி விருந்தை அவள் நிறுத்தவில்லை. நாற்பது பேரும் வந்தார்கள். கேக்கில் ‘பள்ளிக்கூடப் பிறந்தநாள் வாழ்த்துகள் அப்பா’ என்று எழுதியிருந்தது. வந்தவர்கள் எல்லாம் என்ன அர்த்தம் என்று கேட்க, அவர் ஒவ்வொருவருக்கும் அந்த வாத்தியார் கதையைச் சொன்னார். நான் பதினான்கு வருடம் பொத்தி வைத்ததை ஒரே சாயங்காலத்தில் நாற்பது பேருக்குச் சொல்லிவிட்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. கூட்டத்தில் ஒரு பஞ்சாபிக்காரர், “எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்” என்று கை கொடுத்தார்.

பாத்திரம் கழுவும்போது அபி பக்கத்தில் வந்து நின்றாள்.

“லீவு ஃபார்ம்ல காரணம் கேட்டுச்சும்மா. அப்பா அம்மாவுக்குக் கல்யாணம்னு போட்டேன். மேனேஜர் போன் பண்ணி, இத்தனை நாள் கல்யாணம் பண்ணாமலா இருந்தாங்கன்னு கேக்கறார்.”

எனக்கு அது புரியவே ஒரு நிமிடம் ஆயிற்று. கை ஈரத்தோடு அவளைப் பிடித்துக்கொண்டேன்.

6

ஆனி அஸ்தத்தன்று திருக்கடையூரில் எங்களைப் போல இன்னும் பல ஜோடிகள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கலசம், ஒரு புகை, ஒரு குடும்பம். அவர் பட்டு வேட்டியில் வியர்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கழுத்து கனக்க மாலை. அபி புடவையை எடுத்து எடுத்துச் சொருகிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அம்பாள் சந்நிதியில் உன் பெயர்தான் என்று காட்டினேன். “தெரியும்மா” என்றாள். கை கூப்பினாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவளுக்கும் அம்பாளுக்கும்.

சங்கல்பம் சொல்வதற்கு முன் புரோகிதர் நோட்டைத் திறந்தார். “அஸ்த நட்சத்திரம், சரி. ஜென்ம தேதி என்னங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அபி சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கு புரளாமல்: “ஆனி முப்பத்திரண்டு. ஆடி இல்ல.”

என் வீட்டுக்காரர் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் தன் அப்பாயியைப் பார்த்ததேயில்லை.

புரோகிதர் சிரித்தார். “ஆனிக்கு முப்பத்திரண்டு உண்டே பாப்பா. ஆடின்னு யாரு சொன்னா?”

“கம்ப்யூட்டர்” என்றாள் அபி. “இப்ப சொல்லாது.”

ஊருக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. ஊர் என்று இந்த ஊரைத்தான் எழுதியிருக்கிறேன், இப்போதுதான் கவனித்தேன். அபி கோயிலுக்கு வருவதில்லை. ஆனால் ஃபார்மில் என்ன கோளாறு என்றாலும் குருக்கள் அவளுக்கே நேராகப் போன் செய்கிறார். அவளும் எடுக்கிறாள்.

இதைப் படிப்பவர்கள் உங்கள் சொந்தபந்தம் யாருக்காவது கொடுங்கள். வீட்டில் வாத்தியார் போட்ட தேதியோடு ஒருவர் இருந்தால், அவருடைய உண்மையான நாளைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். கொடுக்கும்போது நான் எழுதியதை எழுதியபடியே கொடுங்கள். என் தமிழில் பிழை இருந்தால் இருக்கட்டும். முக்கியமாக, அச்சடிப்பவர்களோ செல்போனில் தட்டி அனுப்புகிறவர்களோ, ஏதோ கை தவறியது என்று நினைத்து அந்த முப்பத்திரண்டை முப்பத்தொன்று ஆக்கிவிட வேண்டாம். அது சரியான தேதி.